இரவில் விழிக்கும் பிள்ளை

வாசிக்க: லூக்கா 2:1–20, சங்கீதம் 121



சில மாதங்களுக்கு முன் ஒரு காலையில், வெளிநோயாளர் பிரிவில் ஜெபம் முடித்துத் திரும்பும்போது, ஒரு பாட்டியம்மாள் பேரனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கண்டோம். மகளுக்குத் தையல் பிரிக்க வந்திருந்தார்கள். பிள்ளை பிறந்து ஏழு நாள். "பேரன் எப்படி இருக்கிறான், அம்மா?" என்று கேட்டோம். "தங்கமான பிள்ளை ஐயா. இராத்திரி ஒரு சத்தம் கிடையாது. பாலுக்குக்கூட அழமாட்டான்" என்று பெருமையோடு சொன்னார்.

அருகே நின்ற சிஸ்டர் அதைக் கேட்டதும் வந்து துணியை விலக்கிப் பார்த்தார். உள்ளங்கால் வரை மஞ்சள் ஏறியிருந்தது. அந்நேரமே பிள்ளையை வார்டில் சேர்த்தார்கள். உங்கள் காணிக்கையால் வாங்கிய நீல ஒளி விளக்கின் கீழே அவன் மூன்று நாள் இருந்தான். தாய்ப்பாலைப் பீய்ச்சி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் பாலாடையில் புகட்டினார்கள். மூன்றாம் இரவில் அவன் தானாகவே விழித்து, வார்டு முழுவதும் கேட்கும்படி அழுதான். மறுநாள் பாட்டியம்மாள் எங்களைக் கண்டவுடன், "அழுதுவிட்டான் ஐயா!" என்று கண்ணீரும் சிரிப்புமாகச் சொன்னார்.

இம்மாதப் பாடத்தை அந்தப் பாட்டியம்மாளிடமிருந்தே எடுத்துக்கொள்வோம். பச்சிளங்குழந்தை இரவில் விழிப்பது குறையல்ல. அது உயிரோடு வளர்வதற்கான வழி. நீண்ட உறக்கம் அதற்குரிய காலத்தில் வரும்.

முதல் மூன்று மாதம்

இந்நாட்களில் பிள்ளை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் தூங்கும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. ஆனால் அது துண்டு துண்டான தூக்கம். இரண்டு மணி, மூன்று மணிக்கு ஒரு தரம் பசி எழுப்பிவிடும். ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு தரம் பால் குடிப்பது இயல்பு. இரவு, பகல் என்ற வேறுபாடு பிள்ளையின் உடலுக்கு இன்னும் தெரியாது.

தூக்கத்தில் பாதியளவு அசைவுள்ள தூக்கம். இமைக்குள் கண் உருளும், உதடு சிரிக்கும், முகம் சுளிக்கும். "நரி விரட்டுகிறது" என்று நம் பாட்டிமார் சொல்வது இதைத்தான். சிக்காகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கி என்ற மாணவர் முதலில் குழந்தைகளின் தூங்கும் கண்களையே கவனித்தார். பின்பு அவரும் அவருடைய ஆசிரியர் நத்தானியேல் கிளைட்மனும் இத்தகைய தூக்கம் பெரியவர்களுக்கும் உண்டென்று 1953-இல் எழுதினார்கள். ஆகவே பிள்ளை சிறிது முனகினவுடனே தூக்கிவிட வேண்டாம். சற்றுப் பொறுத்துப் பார்த்தால் பல தரம் தானாகவே மறுபடியும் உறங்கிவிடும்.

நான்கு முதல் ஆறு மாதம்

இரண்டு மூன்று மாதமாகும்போது, இருளில் சுரந்து உறக்கத்துக்கு உதவும் மெலட்டோனின் என்ற சுரப்பு ஓர் ஒழுங்குக்கு வரத் தொடங்குகிறது. பகலில் வெளிச்சமும் பேச்சும், இரவில் மங்கிய விளக்கும் அமைதியும் இருந்தால் பிள்ளை விரைவில் கற்றுக்கொள்ளும். இரவில் ஐந்து ஆறு மணி நேரம் தொடர்ந்து தூங்கும் பிள்ளைகள் உண்டு. தூங்காத பிள்ளைகளும் உண்டு. இரண்டும் இயல்பே.

இந்தக் காலத்தில்தான் பல வீடுகளில் மருமகளின்மேல் பழி விழுகிறது. "உன் பால் போதவில்லை", "கண்ணேறு பட்டுவிட்டது" என்கிறார்கள். இரவில் புட்டிப்பால் வருகிறது. சில இடங்களில் கசகசாவும் பிராந்திச் சொட்டும் வருகின்றன. இவற்றைக் கொடுக்கவே கூடாது. பிள்ளை மயங்கிக் கிடப்பது உறக்கமல்ல, மூச்சே தடைபடக்கூடும். பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் இரவில் அதிகமாயிருக்கிறது. ஆகவே இராப்பால் கொடுப்பது தாய்ப்பாலைக் காக்கும். எடை ஏறுகிறதா, சிறுநீர் நன்றாகப் போகிறதா என்று பார்த்தாலே பால் போதுமா என்பது விளங்கும்.

ஏழு முதல் பன்னிரண்டு மாதம்

நான்கு மாதத்திலிருந்து முதல் பிறந்த நாள் வரை, பகல் தூக்கத்தையும் சேர்த்து 12 முதல் 16 மணி நேரம் போதுமானது. பகலில் மூன்று நான்கு தரம் தூங்கின பிள்ளை இரண்டு தரமாகக் குறைத்துக்கொள்ளும். எட்டு ஒன்பது மாதத்தில், நன்றாகத் தூங்கிவந்த பிள்ளையும் மறுபடி இரவில் விழித்து அழலாம். தாய் கண்ணுக்கு மறைந்தாலும் எங்கோ இருக்கிறாள் என்று அது இப்போது அறிகிறது, அதனால் தேடுகிறது. இது பின்னடைவு அல்ல. அறிவு வளர்ந்ததன் அடையாளம்.

கவனிக்க வேண்டியவை

பிள்ளையை எப்போதும் மல்லாக்கப் படுக்கவையுங்கள். பிரிட்டனில் 1991-இலும் அமெரிக்காவில் 1994-இலும் இதற்கென்றே பிரசாரம் தொடங்கினார்கள். அதன்பின் சில ஆண்டுகளில், காரணம் தெரியாத திடீர்க் குழந்தை மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. படுக்கை சமமாயும் உறுதியாயும் இருக்கட்டும், தலையணை வேண்டாம். தூளியில் தூங்கினால் ஆள் பார்வை இருக்க வேண்டும். துணி முகத்தை மூடவோ, முகவாய் நெஞ்சில் அழுந்தவோ கூடாது.

பிறந்த பிள்ளை பாலுக்கு எழாமல் தூங்கிக்கொண்டே இருந்தால், சப்புவதில் வலுவில்லாவிட்டால், உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளானால், உடல் சுட்டாலோ சில்லிட்டாலோ, மூச்சு வேகமானால், விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள்.

வேதம் காட்டும் பாடம்

கிறிஸ்து பிறந்த இரவில் விழித்திருந்தவர்கள் மந்தையைக் காத்த மேய்ப்பர்கள். அவர்கள் கண்டது முன்னணையில் துணியில் சுற்றிக் கிடந்த ஒரு பிள்ளையை. அந்தப் பிள்ளையும் நம் பிள்ளைகளைப்போலவே பசித்து விழித்திருப்பார். மரியாளும் களைத்த கண்களோடு எழுந்திருப்பாள். நம்மை எழுப்பும் பிள்ளையின் நிலைக்கே தேவகுமாரன் தம்மைத் தாழ்த்தினார்.

121-ஆம் சங்கீதமோ கர்த்தரையே கண்ணயராத காவலராகக் காட்டுகிறது. எங்கள் வார்டில் இரவு இரண்டு மணிக்குப் பிள்ளையை மார்போடு அணைத்திருக்கும் தாயைக் காணும்போது, அந்தக் காவலின் ஒரு சிறு சாயலையே காண்கிறோம். ஆனால் மனுஷியாகிய அவளுக்கு உறக்கம் வேண்டும். கர்த்தருக்குத் தேவையில்லாத ஓய்வு அவளுக்குத் தேவை. பாட்டியோ தகப்பனோ விடியற்காலையில் ஒரு மணி நேரம் பிள்ளையை வாங்கிக்கொண்டால், அதுவும் ஊழியமே. பல வாரங்கள் அவள் அழுதுகொண்டும் சோர்ந்தும் இருந்தால் கடிந்துகொள்ளாமல் மருத்துவரிடம் அழைத்துவாருங்கள்.

சிந்திக்க

1. நம் சபையில் கைக்குழந்தையோடு இருக்கும் தாய் யார்? இந்த வாரம் அவள் தூங்க நாம் என்ன செய்யலாம்?

2. பிள்ளையின் அழுகைக்காக நாம் யாரையாவது பழித்ததுண்டா?

ஜெபிக்க

இரவுப் பணியிலிருக்கும் செவிலியருக்காகவும், விளக்கின் கீழ் படுத்திருக்கும் பிள்ளைகளுக்காகவும், பக்கத்தில் காத்திருக்கும் தாய்மாருக்காகவும் ஜெபியுங்கள். நீங்கள் உறங்கும் வேளையிலும் உங்கள் காணிக்கை இங்கே விழித்திருந்து வேலை செய்கிறது. அதற்காகக் கர்த்தரைத் துதிக்கிறோம்.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைப் போதகர்