மீன் தொட்டிக்கு எந்த ஃபில்டர், எவ்வளவு காற்று?

கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயிலையொட்டி ஓடும் ஆற்று மீன்களுக்கு உணவிடுவது பக்தர்களின் வழக்கம். ஆற்றில் கழிவை ஓட்டம் கொண்டுபோகிறது. பாறையில் மோதும் நீர் காற்றை வாங்கிக்கொள்கிறது. வீட்டுத் தொட்டியில் இரண்டையும் நாம்தான் செய்துதர வேண்டும்.

20 டிகிரி நீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். அதனால் கொல்லிமலை மேலுள்ள குளிர்ந்த செம்மேட்டைவிட, கோடையில் நாமக்கல் வீட்டுத் தொட்டிக்குக் காற்று கூடுதலாகத் தேவை. குமிழியின் அளவைப் பார்த்து ஏமாற வேண்டாம். நீரின் மேற்பரப்பு அசைகிறதா என்று பாருங்கள். ஆக்சிஜன் பெரும்பாலும் அங்கேதான் கரைகிறது.

கப்பி, பெட்டா வளர்க்கும் சிறு தொட்டிக்கு ஸ்பாஞ்ச் ஃபில்டரே என் தேர்வு. விலை குறைவு, குஞ்சுகளை இழுக்காது, காற்றும் தரும். தங்கமீன் அதிகம் கழிவு போடும். அதற்குத் தொட்டியின் பின்புறம் தொங்கும் ஃபில்டர் வேண்டும், பெரிய தொட்டி என்றால் கேனிஸ்டர். தொட்டிக் கொள்ளளவைப்போல நான்கைந்து மடங்கு நீரை மணிக்குச் சுற்றவிடும் திறன் இருக்கட்டும்.

ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவவே கூடாது. மீன் கழிவில் உண்டாகும் அமோனியாவை மாற்றும் நல்ல பாக்டீரியாவை, குழாய்த் தண்ணீரிலுள்ள குளோரின் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே பிழியுங்கள்.

ஸ்பாஞ்ச் ஃபில்டரை இயக்கும் காற்று பம்பை நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் போனதும் நீர் பம்புக்குள் இறங்கும். அடிக்கடி மின்தடை வருகிற ஊரில் பேட்டரி பம்ப் ஒன்று அவசியம்.

புது ஃபில்டரில் பாக்டீரியா நிலைபெற 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை மீனும் தீனியும் குறைவாகவே இருக்கட்டும்.