நகரச் சமுதாய அமைப்புகளில் மாணவர் களப்பணி

கற்பித்தலும் ஆராய்ச்சியும் போலவே, மக்களிடையே சென்று பணியாற்றுவதும் பல்கலைக் கழகங்களின் மூன்றாவது கடமை என்று பல்கலைக் கழக மானியக் குழு 1977-ஆம் ஆண்டிலேயே தன் கொள்கை அறிக்கையில் கூறிவிட்டது. அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, காந்தியடிகள் நூற்றாண்டு விழாவையொட்டி, 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக் கழகங்களில் ஏறத்தாழ 40,000 மாணவர்களுடன் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பெற்றது. ஆகவே மாணவர்களைச் சமுதாயப் பணிக்கு அனுப்புவது நமக்குப் புதிய செய்தியன்று. ஆயினும் இப்பணி என்றதும் நம் நினைவுக்கு வருவது கிராமமும், அங்கு நடக்கும் ஏழு நாள் முகாமுமே. கல்லூரி வாயிலிலிருந்து பேருந்தில் அரை மணி நேரத் தொலைவில் உள்ள குடிசைப் பகுதியில், ஆண்டு முழுவதும் இயங்கும் மக்கள் அமைப்புடன் மாணவர் இணைந்து பணியாற்றுவது பற்றி நாம் போதிய அளவு சிந்திக்கவில்லை.

நகரச் சமுதாய அமைப்பு என்று இங்கு குறிப்பிடுவது குடியிருப்போர் சங்கம், மகளிர் சேமிப்புக் குழு, தெரு வணிகர் சங்கம், தொழிலாளர் கூட்டுறவு ஆகியவற்றையும், இவற்றுக்குத் துணைநிற்கும் தொண்டு நிறுவனங்களையும் ஆகும். தில்லி மாநகராட்சி 1958-இல் தொடங்கிய நகரச் சமுதாய வளர்ச்சித் திட்டமும், ஐதராபாத்தில் 1967-இல் தொடங்கிய அதே வகைத் திட்டமும் இத்தகைய அமைப்புகளை அரசே ஊக்குவித்ததற்கு எடுத்துக்காட்டுகள்.

பம்பாயின் அனுபவம்

சமூகப் பணிக் கல்வி நம் நாட்டில் வகுப்பறைக்கு வெளியேதான் பிறந்தது எனலாம். பம்பாயில் ஆலைத் தொழிலாளரும் ஏழை மக்களும் நெருங்கி வாழ்ந்த நாக்பாடா பகுதியில், 1920-களில் ஓர் அண்டை அயலார் நல இல்லம் நிறுவப்பட்டது. அதை நடத்திய கிளிஃபர்டு மான்ஷார்ட் என்பவரே, 1936-இல் தொடங்கிய சர் தோராப்ஜி டாட்டா சமூகப் பணிப் பள்ளியின் முதல் இயக்குநரானார். அப்பள்ளியே பிற்காலத்தில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் எனப் பெயர் பெற்றது. வாரத்தில் இரண்டு நாள் களத்தில் பணி, அதைப் பற்றிய எழுத்துக் குறிப்பு, மேற்பார்வை ஆசிரியருடன் வாராந்திர உரையாடல் என்னும் முறை சமூகப் பணிக் கல்லூரிகளில் வேரூன்றியது.

இம்முறையின் எடையை ஒரு சிறு கணக்கால் அறியலாம். நாளொன்றுக்கு 7 மணி நேரம், ஒரு பருவத்திற்கு 15 வாரம் எனக் கொண்டால், சமூகப் பணி மாணவர் ஒரே பருவத்தில் 210 மணி நேரம் களத்தில் இருக்கிறார். நாட்டு நலப்பணித் திட்டத்தில், முகாம் நீங்கலாக, இரண்டு ஆண்டுகளில் சேர்க்க வேண்டியது 240 மணி நேரம். பொருளாதாரம், வணிகவியல், புவியியல் மாணவர்களுள் பெரும்பாலோர்க்கு இந்த இரண்டாவது வாய்ப்பே கிட்டுகிறது. அதுவும் சான்றிதழுக்கான மணிக்கணக்காகக் குறுகிவிடுவதுண்டு.

கணக்கெடுப்பு யாருடையது?

மாணவர்க்குப் பெரும்பாலும் தரப்படும் வேலை கணக்கெடுப்பு. அதைப் பற்றி என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூற வேண்டும். 1989-இல் தில்லியில் பட்டப் படிப்பின் இறுதியாண்டில் இருந்தபோது, யமுனைக்கு அப்பால் ஒரு குடிசைப் பகுதியில் வீடு வீடாகச் சென்று படிவம் நிரப்பினோம். குடும்பத்தில் எத்தனை பேர், மாத வருமானம் என்ன, கழிப்பிடம் உண்டா என்பன கேள்விகள். ஐந்தாவது வீட்டில், அடுப்பின் முன் அமர்ந்திருந்த முதியவள் ஒருத்தி நிமிர்ந்து பார்த்து, “மகனே, போன வருடமும் இதையேதான் கேட்டுவிட்டுப் போனார்கள். அந்தக் காகிதம் எங்கே?” என்றாள். எனக்கு விடை தெரியவில்லை. அந்த ஆண்டின் இறுதியில்தான் தெரிந்தது. கல்லூரியின் ஓர் அறையில் இருந்த இரும்பு அலமாரியில், முந்தைய ஆண்டுப் படிவங்களின் மீது எங்கள் படிவங்களும் அடுக்கப்பட்டிருந்தன. எவரும் அவற்றைக் கூட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. எங்களுக்கு மட்டும் சான்றிதழ் கிடைத்தது.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்று அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் பம்பாயில் நடந்திருந்தது. நடைபாதைவாசிகளை அகற்றுவது பற்றிய வழக்கு அப்போது உச்ச நீதிமன்றத்தில் இருந்தது. 1984-இல் தோன்றிய ஸ்பார்க் என்னும் அமைப்பு, 1985-இல் பைகுல்லா பகுதியை உள்ளடக்கிய வட்டாரத்தின் நடைபாதைகளில் வாழ்ந்த சுமார் 6,000 குடும்பங்களைக் கணக்கெடுத்து, ‘நாங்கள், கண்ணுக்குப் புலப்படாதவர்கள்’ என்னும் பொருள்படும் தலைப்பில் அறிக்கையாக வெளியிட்டது. இவ்வமைப்பைத் தொடங்கியோரில் சிலர் முன்பு அதே நாக்பாடா இல்லத்தில் பணியாற்றியவர்கள் என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது. அதே ஆண்டு ஜூலையில் நீதிமன்றம், வாழ்வதற்கான உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று கூறியது. ஆனால் நடைபாதையில் வாழும் உரிமையை ஏற்கவில்லை. அகற்றுதலை அக்டோபர் 31 வரை மட்டும் தள்ளிவைத்தது. எண்ணிக்கை மக்கள் கையில் இருந்ததால், மாநகராட்சியுடன் பேச அவர்களிடம் ஒரு சான்று இருந்தது. நடைபாதைப் பெண்கள் மகிளா மிலன் என்னும் பெயரில் ஒன்றுகூடிச் சேமிக்கவும் தொடங்கினர்.

இரண்டு கணக்கெடுப்புகளிலும் கேள்விகள் பெரிதும் வேறுபட்டிருக்க மாட்டா. பதிலை எவர் வைத்திருந்தார், எதற்காக வைத்திருந்தார் என்பதே வேறுபாடு. இன்று மாணவர்கள் கைப்பேசியில் படிவம் நிரப்புகின்றனர். அலமாரி கணினிக்குள் சென்றுவிட்டது, அவ்வளவே. களப்பணியைத் திட்டமிடும் ஆசிரியர் முதலில் உறுதிசெய்ய வேண்டியது, திரட்டும் விவரம் அப்பகுதி அமைப்பிடமே தங்கும், அதன் முடிவு அம்மக்கள் முன் வாய்விட்டுப் படிக்கப்படும் என்பதாகும். அவ்வாறு படிக்கும்போது பிழைகளும் திருந்தும். தெருவில் எத்தனை குழாயில் தண்ணீர் வருகிறது என்பது மாணவரைவிட அங்கு நீர் பிடிப்போருக்கு நன்றாகத் தெரியும்.

புனே நகரில்

பல்கலைக் கழகமும் மக்கள் அமைப்பும் ஒன்றையொன்று எவ்வளவு தூரம் மாற்றக்கூடும் என்பதற்குப் புனே நகரமே சிறந்த சான்று. எஸ். என். டி. டி. மகளிர் பல்கலைக் கழகத்தின் வயதுவந்தோர் கல்வித் துறையினர், 1990-ஐ ஒட்டிக் குப்பை பொறுக்கும் தொழிலாளர் குடும்பங்களிடையே எழுத்தறிவுப் பணி செய்யச் சென்றனர். படிப்பதற்கு ஏன் நேரமில்லை என்று அறியும் பொருட்டு அவர்களுடன் தெருத்தெருவாக நடந்தபோது, சிக்கல் எழுத்தில் மட்டும் இல்லை என்று கண்டனர். குப்பைத் தொட்டியைக் கிளறாமல், வீட்டிலேயே தரம் பிரித்த காகிதத்தையும் கண்ணாடியையும் பெற்றால், உழைப்பு குறைந்து வருவாய் கூடும். 1993-இல் பாபா ஆதவ் தலைமையில் அத்தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. காகிதம், கண்ணாடி, உலோகம் ஆகியவற்றைத் திரட்டும் உழைப்பாளர் பஞ்சாயத்து என்பது அதன் பெயரின் பொருள். 1996-இல் புனே மாநகராட்சி அவர்களின் அடையாள அட்டைகளுக்கு ஒப்புதல் அளித்தது. 2001-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்புக்காகச் செய்த ஆய்வு ஒன்று, இவர்கள் உழைப்பால் மாநகராட்சிக்கு மிச்சமாகும் செலவைப் பண மதிப்பில் காட்டியது. பொருளாதாரம் பயில்வோர் இதைக் கூர்ந்து நோக்க வேண்டும். ஊதியம் இன்றி நடக்கும் சேவைக்கு விலை காண்பது பாடநூலில் ஒரு பத்தியாக வருவதே. 2008-இல் இத்தொழிலாளர்களின் கூட்டுறவான ஸ்வச்சுடன் மாநகராட்சி உடன்படிக்கை செய்துகொண்டு, வீடுதோறும் குப்பை திரட்டும் பொறுப்பை அளித்தது.

எழுத்தறிவுத் திட்டமாகவே அது நின்றிருந்தால், இலக்கு எண்ணிக்கையுடன் ஓர் அறிக்கை எழுதப்பட்டு முடிந்திருக்கும். துறையினர் பல ஆண்டுகள் அங்கேயே தொடர்ந்து இருந்ததால்தான் தொழிலாளர் கேட்ட கேள்வி அவர்கள் காதில் விழுந்தது. பருவம் முடிந்ததும் மாறிவிடும் மாணவர்க்கு அத்தொடர்ச்சி இயலாது. எனவே அதைத் துறையே அளிக்க வேண்டும்: ஒரு துறை, ஒரு பகுதி, குறைந்தது ஐந்து ஆண்டு என்பது என் கருத்து. ஆண்டுக்கொரு புதிய குடிசைப் பகுதியைத் ‘தத்தெடுக்கும்’ வழக்கத்தைக் கைவிடலாம்.

அமைப்பு ஏற்கும் செலவு

மாணவர் இலவசமாக உழைக்கிறார், ஆகவே அமைப்புக்கு ஆதாயமே என்று அலுவலர்கள் கருதுவதுண்டு. நான் இதை ஏற்கவில்லை. ஆறு மாணவர்களைப் பெறும் ஒரு சிறு அமைப்பை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொருவருடனும் வாரம் அரை மணி நேரம் பேசுவதற்கு 3 மணி. அவர்களை வீடுகளுக்கு அழைத்துச் சென்று அறிமுகம் செய்ய அரை நாள், அதாவது 4 மணி. 48 மணி நேர வேலை வாரத்தில் 7 மணி போய்விடுகிறது. ஒரு பணியாளரின் உழைப்பில் ஏழில் ஒரு பங்கு. முதல் நான்கைந்து வாரங்களில் மாணவர் திருப்பித் தருவது இதைவிடக் குறைவாகவே இருக்கும். எட்டாவது வாரத்தில் அவர் பயன்படத் தொடங்கும்போது தேர்வு வந்துவிடுகிறது. குறுகிய காலப் பணியில் அமைப்பு நட்டமடைந்து, கல்லூரி ஆதாயம் பெறுகிறது என்பதே இதன் பொருள்.

2020 ஜூன் 4 அன்று மத்திய அரசு தொடங்கிய நகரக் கற்றல் பயிற்சித் திட்டம், அண்மையில் பட்டம் பெற்றோரை நகராட்சிகளிலும் சீர்மிகு நகர நிறுவனங்களிலும் எட்டு வாரம் முதல் ஓராண்டு வரை பயிற்சியில் அமர்த்த வழிசெய்தது. அதில் கால அளவு ஓரளவு போதியது. ஆனால் அமர்த்தும் இடம் அலுவலகமே. அலுவலகத்தின் மறுபக்கத்தில், மனுவுடன் வரிசையில் நிற்போரின் பக்கமிருந்து அதே நகராட்சியைக் காணும் வாய்ப்பு மக்கள் அமைப்பில்தான் உண்டு.

வேலையும் எளிதில் அமையும். சேமிப்புக் குழுவின் கணக்குப் புத்தகத்தை வங்கிக் கணக்குடன் ஒப்பிட்டுத் தருவது, குடும்ப அட்டை மனு எந்த மேசையில் நிற்கிறது என்று பின்தொடர்வது, வரவு செலவுத் திட்டத்தில் தம் வட்டத்திற்கு ஒதுக்கிய தொகையைத் தேடி எளிய மொழியில் எழுதுவது ஆகியன வணிகவியல், பொருளாதார மாணவர்க்கு ஏற்றவை. மதிப்பெண்ணில் ஒரு பகுதியை அமைப்பே இட வேண்டும். மேற்பார்வை ஆசிரியர் களத்தில் செலவிடும் நேரம் அவருடைய பாட வேளைக் கணக்கில் சேர வேண்டும். இல்லையேல் அவர் போக மாட்டார். மாணவரின் பேருந்துக் கட்டணம் சிறு தொகைதான் என்றாலும், அதைத் தம் கையிலிருந்து தர இயலாதவர்களே பல நேரங்களில் அப்பகுதி மக்களின் மொழியை நன்கு அறிந்தவர்கள். அத்தொகையைக் கல்லூரி மாதத் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுவது நலம்.