மெடிகேரிலிருந்து விலகப்போகும் இளம் டாக்டருக்கு



அமெரிக்காவில் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரிலிருந்து விலகிய மருத்துவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவுதான். அவர்களில் பெரிய கூட்டம் உங்களைப் போன்ற மனநல மருத்துவர்கள். அரசு தரும் கட்டணம் கட்டுப்படியாகவில்லை, காகித வேலை ஓயவில்லை என்கிறார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

நோயாளி போடும் கணக்கு வேறு. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர், வயது 72, பர்ஸில் மெடிகேர் அட்டையோடு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மெடிகேர் கட்டணத்தை ஏற்கும் டாக்டரிடம், ஆண்டுக்கான ஆரம்பத் தொகையைக் கட்டி முடித்தபின், அவர் கொடுக்க வேண்டியது 20 சதவீதம். அந்தக் கட்டணத்தை ஏற்காமல், ஆனால் விலகாமலும் இருக்கிற டாக்டர்கூட மெடிகேர் அவருக்கு அனுமதித்த தொகைக்கு மேல் 15 சதவீதம் வரைதான் வாங்கலாம். விலகியவருக்கு வரம்பே கிடையாது. 300 டாலர் என்றால் 300 டாலரும் டிரைவரின் கைக்காசு. மெடிகேர் விட்ட பாக்கியைக் கட்டுவதற்காக மாதாமாதம் பிரீமியம் செலுத்தி எடுத்த மெடிகேப் பாலிசியும் கைவிரித்துவிடும்.

1965 ஜூலை 30 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்டு, முதல் அட்டையை முன்னாள் அதிபர் ஹாரி ட்ரூமனுக்குக் கொடுத்துத் தொடங்கிய திட்டம் இது. நோயாளியோடு தனி ஒப்பந்தம் போட்டுக்கொண்டு டாக்டர் இதிலிருந்து வெளியேற 1997-ல் வந்த சட்டம்தான் வழிவிட்டது. விலகல் இரண்டு ஆண்டுக்கு. 2015-க்குப் பின் தானாகவே நீள்கிறது. முதல்முறை விலகுபவர் மனம் மாறினால் 90 நாளுக்குள் திரும்பிவிடலாம். பழைய நோயாளிகளை மட்டும் மெடிகேரில் வைத்துக்கொள்கிறேன் என்பதெல்லாம் நடக்காது. விலகினால் எல்லோருக்கும்தான்.

ஒப்பந்தம் எழுத்தில், படிக்கும் அளவு பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது விதி. முதல் நாள் நீட்டும் ஒரு கட்டுப் படிவங்களுக்கு நடுவே அதையும் செருகினால், பெரியவர் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் கையெழுத்து விழுந்திருக்கும். விதிப்படி சரி, ஆனாலும் அது ஒருவகை ஏமாற்று. அப்பாயின்ட்மென்ட் கேட்டு போன் வரும்போதே சொல்லிவிட வேண்டிய விஷயம் இது. அதிலும் ‘டாக்டர் மெடிகேர் எடுப்பதில்லை’ என்று மட்டும் சொன்னால், நாமே பில்லை அனுப்பிப் பணம் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் கேட்பவர் நினைப்பார். ‘நீங்கள் அனுப்பினாலும் வராது’ என்பதையும் ரிசப்ஷனில் இருப்பவர் சேர்த்துச் சொல்லட்டும்.

நல்ல செய்தியும் உண்டு. விலகிய டாக்டர் எழுதிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனைக்கு, மற்ற டாக்டர்கள் எழுதியதற்குப் போலவே மெடிகேர் பணம் கட்டும். இது தெரியாவிட்டால் செலவுக்குப் பயந்து டெஸ்ட்டையே தள்ளிப்போடுவார்கள். அவசர நிலையில் வந்தவரிடம் ஒப்பந்தத்தை நீட்டவே கூடாது. அப்போது மெடிகேருக்குத்தான் பில் போட வேண்டும்.

300 டாலர் முடியாது என்பவருக்குக் கொடுக்க, அதே ஊரில் மெடிகேர் எடுக்கும் இரண்டு டாக்டர்களின் நம்பரும் ரிசப்ஷன் மேசையில் இருக்கட்டும். அவர்கள் இன்னும் புது நோயாளிகளைச் சேர்க்கிறார்களா என்று அவ்வப்போது விசாரித்தும் வையுங்கள்.