கூரைத் தூம்பும் குடும்ப நலமும்



"குடும்ப நலப் பிரசுரத்தில் கூரைத் தூம்புக்கு என்ன வேலை?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதில் சொல்லும் முன், நான் நேரில் பார்த்த ஒரு வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

2017 ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். அந்த ஆண்டு நம் மாநிலத்தில் 20,000 பேருக்கு மேல் டெங்கு காய்ச்சல் கண்டது. ஒரு கிராமத்தில் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவர் காய்ச்சலில் விழுந்து, தாலுகா மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். கொசு எங்கே உற்பத்தியாகிறது என்று பார்க்க அவர் வீட்டுக்குப் போனோம். தொட்டி, குடம், டிரம் எல்லாம் பளிச்சென்று இருந்தன. "வாரத்துக்கு ரெண்டு தடவை தேய்ச்சுக் கழுவுறோம் சார். இதுக்கு மேல என்ன செய்ய?" என்றார் மாமியார். அவர் சொன்னதில் பொய் இல்லை.

பிறகு ஏணி வைத்து ஏறிப் பார்த்தோம். ஓட்டு விளிம்பில் கட்டியிருந்த தகரத் தூம்பில் வேப்பிலையும் ஓட்டுத் தூளும் சேர்ந்து அணை போட்டிருந்தன. அதன் பின்னால் இரண்டு விரல் ஆழத்துக்குத் தெளிந்த தண்ணீர். அதில் கொசுப்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. கீழே நின்ற கணவர், "அடுத்த மழை வந்தா அடிச்சுக்கிட்டுப் போயிடும்னு நெனச்சேன் சார்" என்றார்.

காய்ச்சல் கண்ட அன்றே மருத்துவமனைக்குப் போனதால் தாய் பிழைத்தார். குழந்தை சில வாரங்கள் முன்னதாக, எடை குறைந்து பிறந்தது. அரும்பாடுபட்டு வளர்த்தார்கள்.

இப்போது சொல்லுங்கள், தூம்பு குடும்ப நலத்தைச் சேர்ந்ததா, இல்லையா?

கொசு ஏன் தூம்பைத் தேடுகிறது?

டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையை நாடுவதில்லை. தெளிந்து தேங்கிய தண்ணீர்தான் அதற்கு வேண்டும். அது பகலில் கடிக்கும். காலையிலும், பொழுது சாயும் முன்னும் அதிகம் கடிக்கும். வெகுதூரம் பறக்காது. ஆகவே உங்கள் வீட்டுத் தூம்பில் பிறக்கும் கொசு உங்களையும் பக்கத்து வீட்டாரையும்தான் கடிக்கும்.

நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான ஓரத்தில் இது முட்டையை ஒட்டவைக்கும். தண்ணீர் வற்றினாலும் முட்டை பல மாதம் உயிரோடு கிடக்கும். மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஏழு முதல் பத்து நாளில் புழு கொசுவாகிப் பறந்துவிடும். இதனால்தான் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும் என்கிறோம். வாரம் ஒரு நாள் என்று சொல்வதற்கும் காரணம் இதுவே. கொசு பறக்கும் முன் நாம் முந்திக்கொள்ள வேண்டும்.

எப்போது சுத்தம் செய்வது?

ஆடிக் காற்றில் உதிரும் இலை எல்லாம் தூம்பில்தான் வந்து சேரும். ஆகவே புரட்டாசிக்குள் ஒருமுறை முழுதாகச் சுத்தம் செய்யுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் வாரம் ஒரு நாள் பாருங்கள். கோடை மழைக்கு முன் பங்குனியில் இன்னொரு முறை செய்யுங்கள்.

எப்படிச் செய்வது?

1. மழை இல்லாத பகல் நேரத்தில் ஏணியை உறுதியான தரையில் வையுங்கள். பன்னிரண்டு அடி உயரம் ஏற வேண்டுமென்றால் ஏணியின் கால் சுவரிலிருந்து மூன்றடி தள்ளி இருக்கட்டும். ஒருவர் கீழே நின்று பிடிக்க வேண்டும்.

2. வீட்டுக்கு வரும் கரண்ட் ஒயர் எங்கே போகிறது என்று முதலில் பாருங்கள். அதன் அருகில் இரும்பு ஏணியோ ஈரக் கையோ கூடவே கூடாது.

3. ஓட்டின் மேலோ சிமெண்ட் அட்டையின் மேலோ கால் வைக்காதீர்கள். உடைந்து விழுந்தால் இடுப்பு எலும்பு போய்விடும்.

4. வெறுங்கையை உள்ளே விடாதீர்கள். தேளும் குளவியும் இருக்கலாம். குச்சியால் கிளறிப் பார்த்து, பிறகு கரண்டியால் குப்பையை வாரி வாளியில் போடுங்கள். குப்பையை எருக்குழியில் கொட்டுங்கள். புழு இருக்கும் தண்ணீரைக் காய்ந்த மண்ணில் ஊற்றினால் புழு செத்துப்போகும். கிணற்றுப் பக்கமோ தொட்டிப் பக்கமோ ஊற்ற வேண்டாம்.

5. தேங்காய் நாரால் அடியும் ஓரமும் அழுத்தித் தேயுங்கள்.

6. மேல் முனையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். ஐந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். எங்காவது தேங்கி நின்றால் அங்கே தூம்பு தொய்ந்திருக்கிறது என்று அர்த்தம். பத்தடி நீளத்துக்கு ஓர் அங்குலமாவது வாட்டம் வேண்டும். இரண்டு மூன்றடிக்கு ஒரு கொக்கி இருந்தால் தொய்யாது. ஓட்டை விழுந்திருந்தால் எம்சீல் வைத்து அடையுங்கள்.

7. இரண்டு கூரை சேரும் கூடல்வாயையும், கீழே இறங்கும் குழாயின் வாயையும் மறக்காதீர்கள். இலை அடைப்பது பெரும்பாலும் அங்கேதான். தளம் போட்ட வீட்டுக்காரர்கள் மாடியில் தண்ணீர் வடியும் குழாய் வாயைப் பாருங்கள்.

வேறு என்ன பயன்?

தூம்பு அடைத்துக்கொண்டால் தண்ணீர் பின்வாங்கிச் சுவரில் இறங்கும். மண்சுவராக இருந்தால் ஊறி ஊறி ஒருநாள் இரவில் சாய்ந்துவிடும். மழைக்காலத்தில் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்தவர்கள் இறந்த செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். சுவர் ஊறி உப்பியிருந்தால் அதன் ஓரம் குழந்தைகளைப் படுக்க வைக்காதீர்கள்.

இலாபமும் உண்டு. நம் மாநிலத்தில் 2003 முதல் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயம். 40 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 400 லிட்டர் விழும். 25 குடத்துக்கு மேல் வரும்! வீட்டுக்கார அம்மாவுக்கு அத்தனை குடம் சுமக்கும் வேலை மிச்சம். முதலில் வரும் அழுக்குத் தண்ணீரை வெளியே விட்டு, பிறகு தொட்டியில் பிடியுங்கள். கொசு புகாதபடி தொட்டியை மூடி, வாயில் துணி கட்டுங்கள்.

கர்ப்பிணி இருக்கும் வீட்டில்

கர்ப்ப காலத்தில் டெங்கு வந்தால் இரத்தப்போக்கு, குறைப்பிரசவம், எடை குறைந்த குழந்தை என்று ஆபத்துகள் அதிகம். பிரசவ சமயத்தில் தாய்க்குக் காய்ச்சல் இருந்தால் குழந்தைக்கும் தொற்றலாம். எனவே பகலில் படுத்தாலும் கொசுவலைக்குள் படுக்கட்டும்.

காய்ச்சல் கண்டால் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள். ஆஸ்பிரின், புரூஃபென் போன்ற வலி மாத்திரைகள் இரத்தக் கசிவை உண்டாக்கும். அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்தே தொடங்கலாம். "காய்ச்சல் விட்டுடுச்சு, இனி பயமில்லை" என்று இருந்துவிடக் கூடாது. கடுமையான வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், மயக்கம், சிறுநீர் குறைதல் இவற்றில் ஒன்று கண்டாலும் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

கணவன்மார்களுக்கு ஒரு வார்த்தை

குடமும் தொட்டியும் கழுவுவதைப் பெண்கள் பல வீடுகளில் ஒழுங்காகவே செய்கிறார்கள். அவர்கள் கைக்கு எட்டாதது கூரை. கர்ப்பிணியையோ பிள்ளை பெற்றவளையோ ஏணியில் ஏற்றக் கூடாது. ஏணி பிடிக்கவும் நிறுத்தக் கூடாது. "ஏங்க, தூம்பைப் பார்த்தீங்களா?" என்று மனைவி கேட்கும் முன்பே, ஞாயிற்றுக்கிழமை தம்பியையோ பக்கத்து வீட்டுக்காரரையோ துணைக்கு வைத்துக்கொண்டு ஏறுங்கள். அப்படியே அவர் வீட்டுத் தூம்பையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். கொசுவுக்கு வேலி தெரியாது.

வாரம் ஒரு நாள், அரை மணி நேரம் போதும். சந்தேகம் இருந்தால் உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள்.

தூம்பில் தண்ணீர் ஓடட்டும். வீட்டில் தாயும் சேயும் நலமாக வாழட்டும்.