நாட்பட்ட சுவாச நோயும் நடையும்

நாட்பட்ட சுவாச நோயுற்றோர் மூச்சு வாங்குமென அஞ்சி உட்கார்ந்தே காலங்கழிப்பதுண்டு. அதனால் கால் தசைகள் மெலிந்து, சிறு வேலைக்கும் முன்னிலும் அதிகமாக மூச்சு வாங்கும்.

டென்மார்க்கு தேசத்துக் கோபன்ஹேகன் நகரில் இந்நோயுற்ற 2,386 பேரைப் பல்லாண்டு கவனித்து, 2006-ம் வருஷத்தில் முடிவு வெளியிட்டனர். வாரம் 2 மணி நேரமேனும் நடந்தோ சைக்கிள் ஓட்டியோ வந்தோர் இந்நோய்க்காக ஆஸ்பத்திரியிற் சேர்வது, அசைவின்றி இருந்தோரைக் காட்டிலும் நூற்றுக்கு 30 முதல் 40 வரை குறைந்திருந்தது.

நடை, கெட்ட நுரையீரலைப் புதுப்பிக்காது. தேக வலிவைக் காக்கும். வைத்தியரைக் கலந்து, பேசிக்கொண்டே செல்லக்கூடிய வேகத்தில் சமதரையில் தொடங்குக. மார்பு வலி கண்டால் நிறுத்துக. புகைபிடிப்பதை அறவே விடுக. தவறாது செலுத்தும் சிறு தொகை முதலாவதுபோல், தினசரிச் சிறுநடையும் நாளடைவிற் பலன் தரும்.