பெருந்தொட்டியும் பொறுமையும்: முருகைக்கல் வாழ்வு பற்றியதொரு பாடம்

கல்முனையிலிருந்து வடக்கே மருதமுனை நோக்கியோ, தெற்கே சாய்ந்தமருது, நிந்தவூர் நோக்கியோ கடலோரமாக நடந்து செல்வோர், கரைவலை இழுப்போரையும், மணலில் ஏற்றிவைத்த தோணிகளையும், கரையில் மோதிச் சிதறும் அலைகளையும் காண்பர். அவ்வலைகளின் கீழே நிகழும் வாழ்வைக் காண்பவரோ மிகச் சிலர். முருகைக்கற் பாறையை நேரிற் காண விரும்புவோர் வடக்கே பாசிக்குடாவுக்கோ திருகோணமலைப் புறாத்தீவுக்கோ செல்வதே வழக்கம். இக்குறையைத் தீர்க்க எழுந்ததே கடல்நீர்த் தொட்டி. சிறு தொட்டி ஒன்றைச் சில காலம் வைத்திருந்தவர், இதனினும் பன்மடங்கு பெரியதொன்று வேண்டுமென ஆசைகொள்வது இயல்பு. பாடசாலை ஆய்வுகூடங்களுக்கும் இவ்வாசை உண்டு. அது நல்லதுதானா, நல்லதாயின் அதனை எவ்வாறு நிறைவேற்றுதல் வேண்டும் என்பவற்றை மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முன்னோர் செய்த முயற்சி

1853ஆம் ஆண்டில் இலண்டன் மிருகக்காட்சிச் சாலையிலே பொதுமக்களுக்கென மீன் இல்லம் ஒன்று திறக்கப்பட்டது. தமிழ்நாட்டிலே 1909ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரையில் மீன்காட்சிச் சாலை எழுந்தது. ஆயினும் மீனைப் பேணுவதினும் முருகையைப் பேணுவது கடினமாகவே இருந்தது. இந்தோனேசியாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பார் 1961ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், உயிர்ப்புள்ள கடற்கற்களும், கடல்நீரும், நுண்ணிய காற்றுக் குமிழிகளுமே போதும் எனக் காட்டினார். நீரைத் தூய்மையாக்குவது கல்லில் வாழும் நுண்ணுயிர்களே என்னும் உண்மை அம்முறையிலே பொதிந்திருந்தது. அவுஸ்திரேலியாவின் ரவுன்ஸ்வில் நகரில் 1987ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட முருகைத் தொட்டியோ 25 இலட்சம் லீற்றர் நீர் கொண்டிருந்தது. சிறிதாயினும் பெரிதாயினும் இத்தொட்டிகள் யாவற்றையும் ஆளும் விதிகள் ஒன்றே.

முருகை என்பது யாது?

முருகை கல்லுமன்று, செடியுமன்று, விலங்கினமாகும். பொலிப்பு எனப்படும் சிற்றுயிர்கள் கடல்நீரிலுள்ள கல்சியத்தைக் கொண்டு கல்சியங் காபனேற்றாலான கூட்டைக் கட்டுகின்றன. அவற்றின் இழையங்களினுள்ளே நுண்ணிய அல்காக்கள் குடியிருந்து, சூரிய ஒளியால் உணவு ஆக்கி, வீடு தந்த பொலிப்புக்குப் பெரும்பங்கை அளிக்கின்றன. ஆகவே முருகைக்கு ஒளி, ஓடும் நீர், மாறாத உவர்ப்பு, மாறாத வெப்பநிலை ஆகிய நான்கும் இன்றியமையாதன. திறந்த கடலின் உவர்ப்பு ஆயிரத்துக்கு ஏறத்தாழ 35 பங்கு; கல்சியம் லீற்றருக்கு ஏறத்தாழ 420 மில்லிகிராம். தொட்டியிலும் இவ்வளவுகளையே நாடுகிறோம். வெப்பநிலை 25 முதல் 27 பாகை வரை இருத்தல் நன்று.

பருமன் தருவது என்ன?

இதனை ஒரு கணக்கால் விளக்குவோம். நீளம் 100, அகலம் 50, நீரின் உயரம் 40 சதமமீற்றர் கொண்ட சிறு தொட்டி 200 லீற்றர் கொள்ளும். நீளம் 200, அகலம் 70, உயரம் 70 சதமமீற்றராயின் 980 லீற்றர் கொள்ளும். கனவளவு ஏறத்தாழ ஐந்து மடங்காயிற்று. நீரின் மேற்பரப்போ 2.8 மடங்கே ஆயிற்று.

கச்சான் வீசும் நாளொன்றில் 1 சதமமீற்றர் நீர் ஆவியாகிறதெனக் கொள்க. ஆவியாவது நீரே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். சிறு தொட்டியில் 5 லீற்றர் குறைந்து உவர்ப்பு 35இலிருந்து 35.9 ஆகும். பெருந்தொட்டியில் 14 லீற்றர் குறைந்தும் உவர்ப்பு 35.5 மட்டுமே ஆகும். அவ்வாறே, கல்லிடுக்கில் இறந்து அழுகும் ஒரு மீனின் நஞ்சு பெருந்தொட்டியில் ஐந்திலொரு பங்காக ஐதாகும். நண்பகல் வெப்பமும் மெல்லவே ஏறும். எனவே பருமன் நமக்குத் தருவது கால அவகாசம். பிழையைக் கண்டு திருத்துவதற்குக் கூடுதல் நேரம் கிடைக்கிறது. பிழையிலிருந்து முழு விடுதலை கிடைப்பதில்லை.

அவகாசத்துக்கும் விலை உண்டு. 200 லீற்றருக்கு 7 கிலோகிராம் உப்புப் போதும். 980 லீற்றருக்கு 34 கிலோகிராமுக்கு மேல் வேண்டும். வாரந்தோறும் பத்திலொரு பங்கு நீரை மாற்றுவோர்க்கு 20 லீற்றர் 98 லீற்றராகும். நீர் மாத்திரம் 1,000 கிலோகிராமுக்கு மேல் நிறைகொள்ளும். கண்ணாடியும் கல்லும் சேர்ந்தால் ஒன்றேகால் தொன்னை அணுகும். ஆகவே மேல்மாடியிலும் பலமற்ற மேசையிலும் இதனை வைத்தலாகாது. நீரின் அமுக்கம் ஆழத்தைப் பொறுத்தது என்று பௌதிகத்திற் கற்றோம். 70 சதமமீற்றர் உயர நீர், 200 சதமமீற்றர் நீளமான பக்கக் கண்ணாடியை ஏறத்தாழ 500 கிலோகிராம் நிறைக்குச் சமமான விசையுடன் தள்ளும். கண்ணாடியின் தடிப்பில் சிக்கனம் பார்ப்பவர் இதனை நினைவிற் கொள்க.

மாற்றும் முறை

மீனின் கழிவிலிருந்து அமோனியா தோன்றும். அது கொடிய நஞ்சு. ஒருவகைப் பற்றீரியா அதனை நைத்திரைற்றாகவும், மற்றொருவகை அதனை நைத்திரேற்றாகவும் மாற்றும். இப்பற்றீரியாக்கள் கல்லிலும் மணலிலும் போதியளவு பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை செல்லலாம். புதுத் தொட்டி எத்துணை அழகாயினும் இக்குடிகள் குடியேறும்வரை அது வெறுங் கண்ணாடியே.

யான் முதன்முறை தொட்டி மாற்றியபோது இதனை ஏட்டில் அறிந்திருந்தும் செயலிற் பேணவில்லை. விடுமுறை முடியுமுன் வேலையை முடிக்கும் அவசரத்தில், பழைய மணலையும் கல்லையும் மீனையும் ஒரே பகலில் இடம் மாற்றினேன். ஆண்டுக்கணக்காக அசையாதிருந்த மணலைக் கிளறியபோது அடியிற் கிடந்த அழுக்கு யாவும் நீரிற் கலந்தது. அழுகிய முட்டையின் நாற்றமுடைய ஐதரசன் சல்பைட்டும் எழுந்தது. மூன்றாம் நாட்காலை எஞ்சிய மீன் ஒன்றே. தொட்டி பெரிதாகையால் அவை பிழைக்கும் என்று எண்ணியதே என் தவறு.

ஆகவே முறை இதுவாகும். முதலாவதாக, பழைய தொட்டியைக் கலைக்காது, புதியதை அதன் அருகில் நிறுவி நீர் நிரப்பி ஓடவிடுக. இரண்டாவதாக, பழைய தொட்டியிலிருந்து சில கற்களை மாத்திரம் வித்தாக எடுத்துப் புதியதில் இடுக. பழைய மணலை இடாது, புது மணலைக் கழுவி இடுக. மூன்றாவதாக, அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியமாகும்வரை நாள்தோறும் சோதித்துக் குறித்து வருக. நான்காவதாக, உவர்ப்பும் வெப்பநிலையும் இரு தொட்டியிலும் ஒத்தபின் வன்மைமிக்க உயிர்களை முதலிலும் மென்மையானவற்றைப் பின்னரும் மாற்றுக. மீன்களை ஒவ்வொன்றாகவோ இரண்டிரண்டாகவோ சில வார இடைவெளியில் விடுக. ஐந்தாவதாக, புது விளக்கு வலியதாயின் குறைந்த நேரத்தில் தொடங்கி மெல்ல நீட்டுக. இருளுக்குப் பழகிய முருகை திடீர் ஒளியில் வெளிறிவிடும்.

மின்சாரம் தடைப்படும் வேளையையும் முன்கூட்டியே எண்ணுதல் வேண்டும். 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நம் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்தவர் இலர். நீர் ஓடாதபோது பெருந்தொட்டி மெல்லவே வெப்பமேறும். ஆனால் கனவளவோடு ஒப்பிடுமிடத்து அதன் மேற்பரப்பு குறைவாகையால் ஒட்சிசன் அதற்கேற்ற வேகத்தில் உட்புகாது. மின்கலத்தால் இயங்கும் காற்றுப் பம்பி ஒன்றை ஆயத்தமாக வைத்தல் அறிவுடைமை.

கல் எங்கிருந்து வரும்?

பெருந்தொட்டிக்குக் கல்லும் மிகுதியாக வேண்டும். கடல் அருகிலிருக்கையில் அங்கிருந்தே எடுத்தாலென்ன என்று கேட்கத் தோன்றும். முன்னாளிலே முருகைக்கல்லைச் சூளையிட்டுச் சுண்ணாம்பாக்கினர். அதனால் இத்தீவின் பாறைகள் பலவிடங்களில் அழிந்தன. 1981ஆம் ஆண்டின் கரையோரப் பேணற் சட்டம் 1988இல் திருத்தப்பட்டபோது, கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வு தடைசெய்யப்பட்டது. கல் முருகைகள் யாவும் விலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழும் காக்கப்படுவன. சட்டத்துக்கு அஞ்சி மாத்திரமன்று, கற்கும் பொருளை அழித்துக் கற்றல் கல்வியாகாது என்பதாலும் இதனைத் தவிர்த்தல் வேண்டும்.

மாற்றுவழி உண்டு. சீமெந்தையும் நொறுக்கிய சிப்பியோட்டையும் கலந்து, துளைகள் நிறைந்த கற்களை மாணவர் தாமே வார்க்கலாம். சீமெந்தின் காரம் நீங்கும்வரை அவற்றைப் பல வாரங்கள் நன்னீரில் ஊறவைத்து, நீரை அடிக்கடி மாற்றிவிடல் வேண்டும். பின்னர் பற்றீரியா அவற்றிலும் குடியேறும். வளர்ப்பகத்திற் பிறந்த கோமாளி மீன்களே கடலிற் பிடித்தவற்றினும் தொட்டி வாழ்வுக்கு ஏற்றவை. முருகை வேண்டுவோர், வளர்ப்பகத்திற் பெருக்கியதை உரிய அனுமதியுடன் மாத்திரமே பெறுக. கிடையாதவிடத்து முருகையின்றியே தொடங்குக.

முடிவுரை

எனவே பெருந்தொட்டி ஆசை நல்லதே. பழைய தொட்டியைப் பொறுமையுடன் காத்தவர்க்கே அது பயன்தரும். சிறு தொட்டியில் நாள்தோறும் உவர்ப்பை அளந்து ஏட்டிற் குறிக்காத மாணவர், பெருந்தொட்டியிலும் குறிக்கப்போவதில்லை. ஓராண்டுக் குறிப்பேடு நிறைந்தபின் பெருந்தொட்டியைப் பற்றிப் பேசலாம் என்பதே யான் கூறும் விதி.

இப்பாடத்தின் இறுதிப் பகுதியைத் தருவது கடலே. அதனினும் பெரிய தொட்டி இல்லை. ஆயினும் கோடைக்காலத்தின் வழக்கமான உச்ச வெப்பநிலைக்கு மேல் ஒரு பாகை ஏறி, அது சில வாரங்கள் நிலைத்தாலே முருகை தன் அல்காக்களை இழந்து வெளிறத் தொடங்கும். 1998ஆம் ஆண்டிலும் 2016ஆம் ஆண்டிலும் இலங்கையைச் சூழ்ந்த கடலில் இவ்வாறே நிகழ்ந்தது. பருமன் தருவது அவகாசமே என்னும் விதி கடலுக்கும் பொருந்தும், அவ்வவகாசமும் குறைந்துவருகிறது. தொட்டியின் நீர் கெட்டால் உயிர்களை வேறொரு தொட்டிக்கு மாற்றலாம். கடல் கெட்டால் மாற்றுவதற்கு வேறிடம் இல்லை. இவ்வுண்மையை உணர்ந்த மாணவர் சிலரேனும் நம் கல்லூரியிலிருந்து இக்கரைக்குக் காவலராய்ச் செல்வாராயின், ஆய்வுகூடத்து மூலையில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு இடமளித்தது வீண்போகாது.