பலஸ்டர் கைப்பிடிச் சுவர்: முதன்முறை கட்டுவோருக்கு முழுமையான வழிகாட்டி

மொட்டை மாடிக்கோ பால்கனிக்கோ பலஸ்டர் (கைப்பிடியின் கீழ் வரிசையாக நிற்கும் குட்டைத் தூண்) வைக்க ஆசைப்படுகிறவர்கள், விற்கும் இடத்துக்குப் போனதும் தூண் ஒன்றை நிமிர்த்தி வைத்து வடிவம் பார்க்கிறார்கள். தனித் தூண் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை வைத்து முடிவெடுக்க முடியாது. வரிசையாக நிற்கும்போது கண்ணில் படுவது தூணும் வெற்றிடமும் சேர்ந்த உருவம். குழந்தை தவறி விழுமா, விழாதா என்பதையும் அந்த வெற்றிடமே தீர்மானிக்கிறது. அதனால் இடைவெளிக் கணக்கைத்தான் இங்கே விரிவாகச் சொல்லப்போகிறேன்.

முதல் படி: வடிவத்தைப் படித்துப் பாருங்கள்

கீழே சதுரப் பீடம், அதன்மேல் பருத்த குடம், பிறகு ஒடுங்கிய கழுத்து, உச்சியில் சதுரப் பலகை. பெரும்பாலான பலஸ்டர்கள் இந்த நான்கில் அடங்கும். குடம் ஒன்றானால் கனம் கீழே தங்கி, தூண் ஊன்றி நிற்பதுபோலத் தெரியும். நடுவில் வளையம் வைத்து மேலும் கீழும் ஒரே அளவில் குடம் அமைத்தால் இரட்டைக் குடம். மாடிச் சுவருக்கு ஒற்றைக் குடத்தையே நான் சொல்வேன். கீழிருந்து அண்ணாந்து பார்க்கிறவருக்கு அந்த வளைவு தெளிவாகப் பிடிபடும்.

பழைய கிரேக்க, ரோமானியக் கட்டடங்களில் பலஸ்டர் வரிசை இல்லை. 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில்தான் இது கட்டடக் கலையில் வேரூன்றியது. ரோமில் பிரமாண்டே கட்டிய டெம்பியெட்டோ என்ற சிறிய வட்டக் கோயிலின் மேல்தளத்தைச் சுற்றி ஓடும் வரிசை, கட்டடக் கலை படிப்பவர்கள் இன்றும் தேடிப் பார்க்கும் ஒன்று. இந்தியாவில் ஷாஜஹான் இதே உருவத்தை முழுத் தூணாகவே உயர்த்தினார். டெல்லி செங்கோட்டையின் திவான்-இ-ஆமில் பளிங்கு அரியணை மாடத்தைத் தாங்கும் தூண்கள் அந்த வகைதான். செட்டிநாட்டு வீடுகளின் மாடி முகப்புகளில் சுதை வேலையோடு சேர்ந்து நிற்கும் வரிசைகளைப் பலரும் பார்த்திருப்பீர்கள். வாங்கப் போவதற்கு முன் காரைக்குடிப் பக்கம் ஒரு தெருவை நடந்தே பார்த்து வருவது நல்லது.

இரண்டாம் படி: உயரத்தை முடிவு செய்யுங்கள்

மாடி, பால்கனி கைப்பிடிச் சுவர் முடிந்த தரையிலிருந்து 1 மீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. தரை என்றால் டைல்ஸ் ஒட்டி முடித்த தரை. வெறும் கான்கிரீட் தளத்திலிருந்து அளந்துவிட்டு, பிறகு தட்டோடு பதித்தால் சுவர் குட்டையாகிவிடும். அடியில் 150 மி.மீ. அடிக்கட்டு, நடுவில் 800 மி.மீ. பலஸ்டர், மேலே 150 மி.மீ. கைப்பிடி என்று வைத்தால் 1,100 மி.மீ. வரும். அடிக்கட்டைத் தரைப்பக்கம் படிபோல நீட்டி விடாதீர்கள், பிள்ளைகள் அதில் கால் வைத்து ஏறுவார்கள்.

மூன்றாம் படி: இடைவெளிக் கணக்கு

குழந்தைகள் புழங்கும் கட்டடங்களின் தடுப்பில் 100 மி.மீ. விட்டமுள்ள பந்து எந்த இடத்திலும் நுழையக் கூடாது என்பது பிரிட்டன் விதி. நம் வீட்டுக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம். பலரும் பீடத்துக்கும் பீடத்துக்கும் நடுவே டேப் பிடித்து, 'நெருக்கமாகத்தானே இருக்கிறது' என்று விட்டுவிடுகிறார்கள். அகலமான வெளி கீழே இல்லை, கழுத்துப் பக்கம் இருக்கிறது. அங்கே அளக்க வேண்டும்.

ஓர் உதாரணம். பீடம் 120 மி.மீ., குடம் 110, கழுத்து 60 என்று கொள்வோம். கழுத்து 60, வெளி 100, ஆக ஒரு பலஸ்டரின் மையத்திலிருந்து அடுத்ததன் மையம் 160 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். வரிசையின் இரு முனையிலும் சுவரைத் தாங்கி நிற்கும் கட்டைத் தூண்களுக்கு நடுவே 2,000 மி.மீ. இருந்தால், 2,000-ஐ 160-ஆல் வகுத்தால் 12.5. மேல்நோக்கி முழுமையாக்கி 13 பங்கு. ஒரு பங்கு சுமார் 154 மி.மீ. கழுத்தில் வெளி 94, குடத்தில் 44, பீடத்தில் 34. பந்து நுழையாது.

இரண்டு முனைகளிலும் கட்டைத் தூணோடு ஒட்டி அரை பலஸ்டர் வையுங்கள். நடுவே 12 முழுத்தூண், ஓரங்களில் 2 அரைத்தூண். அரைத்தூண் இல்லாவிட்டால் கடைசி வெளியின் உருவம் மட்டும் மாறிப்போய், வரிசை அறுந்ததுபோலத் தெரியும். செலவு கொஞ்சம்தான், கட்டாயம் கேட்டு வாங்குங்கள்.

நான்காம் படி: வார்ப்பைச் சோதித்து வாங்குங்கள்

நல்ல வார்ப்பில் சிமென்ட் 1, மணல் 1½, சிப்ஸ் ஜல்லி 3 என்ற கலவையும், நடுவே 8 மி.மீ. கம்பியும் இருக்கும். கம்பி இரு முனையிலும் வெளியே நீட்டியிருக்க வேண்டும். அப்படி இல்லாத பலஸ்டர் வெறும் அலங்காரம், அதை மாடியில் வைக்காதீர்கள். கழுத்தைச் சுற்றி விரலால் தடவுங்கள். மோல்டைச் சீக்கிரம் கழற்றியிருந்தால் மயிரிழை வெடிப்பு முதலில் அங்கேதான் வரும். குறைந்தது 10 நாள் தண்ணீர் காட்டியதா என்றும் கேளுங்கள்.

ஐந்தாம் படி: நிறுத்துதல்

கைப்பிடிச் சுவரின் பலம் கட்டைத் தூண்களில் இருக்கிறது. அவற்றின் கம்பி தளத்துக் கம்பியோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். 2 மீட்டருக்கு ஒன்று வைப்பது நல்லது. அடிக்கட்டில் மையக் கோடு போட்டு, 154 மி.மீ. குறிகளை முழு நீளத்துக்கும் முதலிலேயே வைத்துவிடுங்கள். ஒன்றை வைத்து அதிலிருந்து அடுத்ததை அளந்தால் சிறு பிசகு கூடிக்கூடி, கடைசித் தூணுக்கு இடம் இருக்காது. இரு முனைகளை முதலில் நிறுத்தி, மேலே நூல் பிடித்து, ஒவ்வொன்றையும் தூக்குக்குண்டு வைத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். மேல் கைப்பிடியை அங்கேயே கான்கிரீட் போட்டு, பலஸ்டர் கம்பிகளையும் கட்டைத் தூண் கம்பிகளையும் அதற்குள் சேர்த்துக் கட்ட வேண்டும். அடிக்கட்டில் மழைநீர் போக வழி விட மறக்காதீர்கள்.

படிக்கட்டில் வைத்தாலும் பலஸ்டர் செங்குத்தாகத்தான் நிற்கும். சரிவு கைப்பிடிக்கு மட்டும். படிக்கட்டுப் பலஸ்டர் மரத்தில் வேண்டுமானால் கடைசல் பட்டறையில் ஒரே மாதிரித் தூணை வைத்து எல்லாவற்றையும் கடையச் சொல்லுங்கள்.

ஆறாம் படி: பூச்சும் பராமரிப்பும்

கலவை நன்றாகக் காய்ந்த பிறகு பிரைமர், அதன்மேல் வெளிப்புற எமல்ஷன். ஒரே நிறம் போதும், குடத்துக்குத் தனி நிறம் அடித்தால் இடைவெளியின் உருவம் கலைந்துவிடும். வருடம் ஒருமுறை, மழைக்காலம் முடிந்ததும் கழுத்துகளைப் பாருங்கள். செம்பழுப்புக் கறை இறங்கியிருந்தால் உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது. மேலே பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிப்பதால் அது நிற்காது, அந்தப் பலஸ்டரை எடுத்துவிட்டுப் புதிது வைக்க வேண்டும். வாங்கும்போதே இரண்டு மூன்று கூடுதலாக வாங்கி வைத்தால், அதே மோல்டைத் தேடி அலைய வேண்டியிருக்காது.